எட்டுப் போட்ட ஒயர்

"ஐயோ... சுமலதா மிஸ்!"

கருவடிக்குப்பத்து இன்டர்நேஷனல் ஸ்கூல் அந்த அலறலில் அதிர்ந்தது.

கணக்கு டீச்சர் சுமலதா வகுப்பறைத் தரையில் பிணமாய்க் கிடந்தாள். கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு.

ஸ்மார்ட் போர்டுக்குப் பக்கத்து ஆணியில் ப்ரொஜெக்டர் ஒயர் அழகாய்ச் சுற்றி மாட்டப்பட்டிருந்தது. அதில் நீளமாய்ச் சில தலைமுடிகள்!

"நெரிச்சுட்டு, ஒயரைச் சுத்தி வேற மாட்டியிருக்கான்..." இன்ஸ்பெக்டர் வெற்றிவேல் உறுமினார். "நேத்து ரூமைப் பூட்டினது யாரு?"

"நாந்தாங்க... உள்ள எட்டிப் பாக்கலைங்க..." வாட்ச்மேன் கொளஞ்சி கும்பிட்டார்.

"ஏறுய்யா ஜீப்புல!"

"சார்... ஒரு நிமிஷம்!"

ஆனந்தமேரி. டேப்லெட், ஸ்மார்ட் போர்டு என்று பள்ளியின் தொழில்நுட்பம் மொத்தமும் அவள் பொறுப்பு. டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவளே. செத்தவள் அவளுடைய உயிர்த்தோழி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

மேஜையிலிருந்து வேறொரு ஒயரை எடுத்தாள்.

"கொளஞ்சி அண்ணே, இதச் சுத்துங்க."

அவர் உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாய் வட்டம் வட்டமாய்ச் சுற்றினார்.

"பாத்தீங்களா சார்? ஆணியில இருக்கறது எட்டு மாதிரி மாத்தி மாத்திச் சுத்தினது. அப்பதான் ஒயர் முறுக்காது. எல்லா டீச்சருக்கும் சொல்லிக் குடுத்தேன்... ஒருத்தரும் கேக்கல. கசக்கி டிராயர்ல திணிச்சிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப இப்படிச் சுத்தறது யாரு?"

"நான்... அப்புறம்..."



"அக்கா!"

பிசிக்ஸ் சார் கிளாட்வின் அப்போதுதான் உள்ளே வந்தான். அவளுடைய தம்பி. அம்மா அப்பா போனபின் கல்யாணமே வேண்டாமென்று அவள் ஆளாக்கிய பிள்ளை. அவளுக்கென்று இருந்த ஒரே உறவு!

ஆனந்தமேரி கொளஞ்சியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

மாதாவே... என்னை மன்னிச்சிடு!

கொளஞ்சி சுற்றியதை வாங்கி, அவிழ்த்துத் தரையில் போட்டாள்.

"அழாதக்கா... நான் இருக்கேன்ல..." கிளாட்வின் குனிந்தான். ஒயரை எடுத்தான். அவளைத் தேற்றிக்கொண்டே சுற்றினான்.

கை தன்பாட்டுக்கு எட்டுப் போட்டது!

கிளாட்வின் தன் கையைப் பார்த்தான். பிறகு ஆணியை. முகம் வெளுத்தது.

"ஏன்டா தம்பி...?"

"நான் பரீட்சைக் கேள்வித்தாள வெளிய விட்டத சுமலதா கண்டுபுடிச்சிட்டாக்கா... பிரின்சிபால்ட்ட சொல்றேன்னா..."

விலங்கு மாட்டினார்கள். ஆனந்தமேரி சுவரோடு சரிந்து வாய்விட்டு அழுதாள். நியாயம் ஜெயித்தது என்று யாராவது சொன்னால் அறைந்திருப்பாள்.

வாசலில் கிளாட்வின் திரும்பினான். கண்ணில் நீர். உதட்டில் கோணலாய் ஒரு சிரிப்பு.

"எத்தன பேருக்கு ட்ரெயினிங் குடுத்த... பாஸானது நான் ஒருத்தன்தான்க்கா!"