குன்றனைக் காட்டிக் கொடுத்தவர்

சனிக்கிழமை காலை, மழை விட்டும் தூவானம் விடாத நேரத்தில், காமிக்ஸ் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் வாசலில் நின்று, "புரூஃப் அக்கா வீடு இதுதானே?" என்றார்.

கதவைத் திறந்தவன் அக்காவின் தம்பி. கீழ்த்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவன் லென்ஸ்தான். வயது நாற்பத்தொன்று. வந்தவரைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மூன்று வருடமாக மாதாமாதம் 'காவல் ஐவர்' இதழின் பின்னட்டையில் பார்த்த முகம் அது.

"சார், நீங்களா! உள்ள வாங்க, குடையோட வேணும்னாலும் வாங்க!"

அக்கா மேசையிலிருந்து எழவில்லை. சட்டப் புத்தகங்கள் அச்சிடும் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவர். ஒரு கால்புள்ளியை வைத்துப் போலி உயில் ஒன்றைப் பிடித்ததிலிருந்து, போலீசுக்குப் போக முடியாத சிக்கலோடு யாராவது அவரைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. வீடே தீப்பிடித்தாலும் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று லென்ஸ் சொல்வான். அன்றும் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சொல்லுங்க."

ஆசிரியர் சொன்னார். 'காவல் ஐவர்' ஐந்து மாவீரர்களின் கதை. அவர்களில் ஒருவர் துரோகி. நான்காம் இதழிலிருந்து எதிரிக்கு ரகசியம் போய்க்கொண்டிருக்கிறது. யார் என்பது அடுத்த மாதம் வரப்போகும் முப்பத்தாறாம் இதழில், கடைசி இதழில்தான் தெரியவரும். ரசிகர்கள் இணையத்தில் அதற்கென்றே ஒரு தளம் வைத்து, ஆளுக்கொரு ஊகத்தை எழுதிக் குவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"குவிச்சதுல பாதி நான் சார்," என்றான் லென்ஸ். "துரோகி நிழலிதான். எழுபது ஆதாரம் வெச்சிருக்கேன்."

ஆசிரியர் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "முந்தாநாள் அந்தத் தளத்துல 'வழிப்போக்கன்'னு ஒரு ஆள் இதைப் போட்டிருக்கார். துரோகி யாருங்கறது மட்டும் இல்ல, கடைசி இதழ்ல நடக்கிறதையும் சொல்லிட்டார். அந்த இதழ் இன்னும் அச்சுக்கே போகலை."

லென்ஸ் பாய்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "பேரைச் சொல்லிடாதீங்க சார்! மூணு வருஷம் தவம் கிடந்திருக்கேன்!"

அக்கா தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "கடைசி இதழைப் பார்த்தவங்க எத்தனை பேர்?"

"என்னோட நாலு பேர். கதை எழுதி வரையற ஓவியர், வண்ணம் போடற பொண்ணு, பேச்சுக் குமிழ்ல எழுத்து எழுதறவர். ஓவியரை விட்டுடலாம், தன் வீட்டுக்குத் தானே யாராவது கன்னம் வைப்பாங்களா? எழுத்துக்காரருக்கு இணையம்னாலே ஆகாது. மிச்சம் அந்தப் பொண்ணுதான். ரசிகர் கூட்டத்துக்கெல்லாம் போறா. திங்கட்கிழமை அவளை வேலையை விட்டு அனுப்பிடலாம்னு இருக்கேன். மத்த ரெண்டு பேருக்கும் இன்னும் விஷயம் தெரியாது. அவளைக் கேட்டா, 'நான் இல்ல சார்'ங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. எனக்கு ஒரு ஆதாரம் வேணும்."

பொத்திய விரல்களைத் தாண்டி இது லென்ஸின் காதில் விழுந்துவிட்டது. அவன் கைகள் தானாக இறங்கின. அந்தப் பெண்ணை அவனுக்குத் தெரியும். போன ரசிகர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து நச்சரித்திருக்கிறான். நிழலியின் மேலங்கிக்கு எத்தனை வகை நீலம் என்று பொறுமையாகச் சொன்னாளே தவிர, கதையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்லியிருக்கவே மாட்டா, சார்."

"அது உன் நம்பிக்கை," என்றார் அக்கா. "எனக்கு இந்தக் கதை தலையும் தெரியாது, வாலும் தெரியாது. முப்பத்தஞ்சு இதழையும் மனப்பாடம் பண்ணினவன் நீதான். ஆனா இதைப் படிச்சா உனக்கும் பேர் தெரிஞ்சுடும். படிக்கிறியா, வேண்டாமா?"

லென்ஸ் ஜன்னலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் கையை நீட்டினான். "குடுக்கா. என் தலைவிதி."

தாளில் இருந்தது நான்கே வரி. 'நான்காம் இதழில் எதிரிக்கு வந்த கடிதத்தில் மை இழுபட்டிருக்கிறது, எழுதியவர் இடக்கைக்காரர். ஒன்பதாம் இதழ், பதினேழாம் பக்கம் பாருங்கள். குன்றன் இடது கையால் எழுதுகிறான். கடைசி இதழில் கோபுரக் கதவை எதிரிக்குத் திறந்துவிடுபவன் அவனே.'

லென்ஸ் கடைசி வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தான். "குன்றனா? நம்ம குன்றனா? மழையில யார் வீட்டுக் குழந்தைக்கோ குடை பிடிச்சுக்கிட்டு நின்னவனா?" சற்று நேரம் நாற்காலியில் உட்கார்ந்து தாளையே முறைத்தான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "இவன் சரியான அரைகுறைக்கா! ஒன்பதாம் இதழ்ல குன்றன் எழுதறது வலது கையால. இடது கையில விளக்கைப் பிடிச்சிருப்பான். பதினேழாம் பக்கம், கீழ்க் கட்டம். கண்ணை மூடினா எனக்குத் தெரியுது."

உள்ளே ஓடி இதழை எடுத்துவந்து விரித்தான். குன்றன் வலது கையால்தான் எழுதிக்கொண்டிருந்தான்.

"புத்தகத்தைக்கூடச் சரியாப் பார்க்காதவன் பெருசாத் துப்பறிய வந்துட்டான்," என்றான் லென்ஸ்.

அக்கா படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பான ஆதாரத்தை வெச்சுச் சரியான விடைக்கு வந்திருக்கார்," என்றார் மெதுவாக. "சார், உங்க ஆபீஸைப் பார்க்கணும்."

பத்திரிகை அலுவலகம் நாலு அறை. நனைந்த செருப்புகளை வெளியே விட்டுவிட்டு நுழைந்தார்கள். முதல் அறையில் வண்ணம் போடும் பெண் பெரிய திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் கழுவிய அடையாளம் தெரிந்தது. அக்கா அவளிடம் புகாரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார்.

"ஓவியர் காகிதத்துல வரைஞ்சு தருவார். நான் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வண்ணம் போடுவேன்," என்றாள் அவள். "சில சமயம் பேச்சுக் குமிழுக்கு இடம் இருக்காது. எழுத்துக்காரர் கத்துவார். அந்தக் கட்டத்தை மட்டும் இடவலமாப் புரட்டிடுவேன். ஆசிரியர் பார்த்து, சரின்னா அச்சுக்குப் போகும்."

"கத்தாம என்ன பண்றது?" என்று அடுத்த மேசையிலிருந்து எழுத்துக்காரர் குரல் கொடுத்தார். "மூக்கு மேலயா எழுத முடியும்?"

ஓவியரின் அறை கடைசியில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், வலது மணிக்கட்டில் ஆறிப்போன அறுவைச் சிகிச்சைத் தழும்பு. லென்ஸ் அவரைக் கண்டதும் கும்பிட்டான். பிறகு அவன் பார்வை அலமாரி உச்சிக்குப் போனது. மாதாமாதம் ஓவியருக்கென்று அனுப்பிய இதழ்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. மேலே மூன்று வருடத்துத் தூசி, ஒரு கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை.

"சார், பிரிச்சுக்கூடப் பார்க்கலையா?" அவன் குரலில் பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவரைக் கேட்கும் தொனி இருந்தது.

ஓவியர் வெட்கத்தோடு சிரித்தார். "அச்சுல பார்த்தா என் தப்பெல்லாம் பல்லை இளிக்கும் தம்பி. காகிதத்தைக் குடுத்ததோட சரி. அப்புறம் நான் அந்தப் பக்கமே திரும்பறதில்ல."

மத்தியானம் நாலு பேரையும் ஆசிரியர் அறையில் உட்கார வைத்தார் அக்கா. ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார்.

"ஒரே கேள்வி. ஒன்பதாம் இதழ்ல குன்றன் கடிதம் எழுதறார். எந்தக் கையால? பக்கத்துல இருக்கிறவங்களைக் கேக்காம எழுதுங்க."

நாலு காகிதமும் அவர் கைக்கு வந்தன. அக்கா அவற்றை மேசையில் வரிசையாக விரித்தார். வலது. வலது. வலது. இடது.

"வழிப்போக்கனும் இடதுன்னுதான் எழுதியிருக்கார்," என்றார் அக்கா. "புத்தகத்துல இருக்கிறது வலது. அப்படின்னா அவர் புத்தகத்தைப் பார்த்து எழுதலை. ரசிகர் யாரும் இந்த ஆதாரத்தைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. ஏன்னா ரசிகர் கையில இருக்கிற புத்தகத்துல அந்த ஆதாரமே இல்ல. அசல்ல இடது கையா இருந்த கட்டத்தைப் புரட்டச் சொன்னவர் எழுத்துக்காரர். புரட்டினது இந்தப் பொண்ணு. ஒப்புதல் குடுத்தவர் ஆசிரியர். மூணு பேருக்கும் அது வலது கைன்னு தெரியும். கைமாறினது தெரியாத ஒரே ஆள், காகிதத்தைக் குடுத்ததோட திரும்பிப் பார்க்காதவர்தான்."

ஓவியர் அக்கா சொன்னதில் பாதியைக் கேட்கவில்லை போலிருந்தது. "புரட்டிட்டீங்களா?" என்றார் பரிதாபமாக. "அதுலதானே நான் விடையை ஒளிச்சு வெச்சேன்! இத்தனை பேர்ல ஒருத்தருக்கும் கண்ணு இல்லையான்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்!"

லென்ஸுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தன் எழுபது ஆதாரமும் பொய்யாய்ப் போனதற்கு இப்போதுதான் ஒரு நியாயம் கிடைத்தது.

"நீங்களா?" ஆசிரியர் எழுந்துவிட்டார். "உங்க கதையை நீங்களேவா? நான் இந்தப் பொண்ணைத் திங்கட்கிழமை வேலையை விட்டு அனுப்பறதா இருந்தேன்!"

ஓவியரின் முகம் வெளுத்தது. "இவளையா? ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. யாரோ ஊகிச்சதாதான் நினைப்பாங்கன்னு இருந்தேன். சத்தியமா உன் தலையில விழும்னு தோணவே இல்லை." அவர் கும்பிட்ட கையை அவள் அவசரமாகப் பிடித்து இறக்கினாள்.

"ஏன் செஞ்சீங்க?" என்றார் அக்கா. அது குற்றம்சாட்டும் குரல் இல்லை.

ஓவியர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "குன்றன் என் அண்ணன். அதே உடம்பு, அதே நடை, அதே இடது கை. நான் வெளியூர் ஓவியப் பள்ளியில சேர ரகசியமா மனு போட்டிருந்தேன். அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் அப்பாகிட்டச் சொல்லிட்டான். அப்பா நான் வரைஞ்சது எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டார். நான் வீட்டை விட்டு வந்தேன். முப்பது வருஷம் அவனோட பேச்சே இல்ல. அந்தக் கோபத்துலதான் அவனைத் துரோகியா வெச்சு இந்தக் கதையை ஆரம்பிச்சேன்."

"அப்புறம்?"

"போன வருஷம் மணிக்கட்டுல ஆபரேஷன். யார் சொல்லியோ அண்ணன் வந்து நின்னான். பன்னிரண்டு நாள் எனக்கு ஊட்டிவிட்டான். இப்ப மாசாமாசம் புத்தகத்தை வாங்கிப் படிச்சுட்டு போன் பண்றான். 'யார் வேணா துரோகியா இருக்கட்டும்டா, குன்றன் மட்டும் இருக்க மாட்டான், அவன் முகத்துல கள்ளம் இல்ல'ங்கறான். நான் என்ன சொல்றது? முடிவை மாத்தறேன்னு ஆசிரியரைக் கெஞ்சினேன். அறிவிப்பெல்லாம் போட்டாச்சு, முடியாதுன்னுட்டார். விஷயம் வெளிய கசிஞ்சா வேற வழியில்லாம மாத்தித்தானே ஆகணும்?"

ஆசிரியர் தன் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். பிறகு வண்ணம் போடும் பெண்ணைப் பார்த்து, "என்னை மன்னிச்சுடும்மா," என்றார். "கண்ணு இருந்தும் குருடனா இருந்துட்டேன்."

"மன்னிக்கிறேன் சார்," என்றாள் அவள். "ஆனா இனிமே கட்டத்தைப் புரட்டணும்னா ஓவியர்கிட்டயும் கேக்கணும்."

"அண்ணன்கிட்ட நீங்க விஷயத்தைச் சொல்லணும்," என்றார் அக்கா ஓவியரிடம். "அவரை ஒரு கேள்வியும் கேக்கணும். அன்னிக்கு அப்பாகிட்ட ஏன் சொன்னார்னு. முப்பது வருஷத்துல கேட்டிருக்கீங்களா?"

ஓவியர் இல்லையென்று தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை அவரே மாடிப்படி ஏறி வந்தார். அண்ணன் முதலில் பத்து நிமிடம் சிரித்தாராம். பிறகு காரணத்தைச் சொன்னாராம். "'நீ அந்த ஊருக்குப் போயிட்டா திரும்பி வரமாட்டேன்னு பயந்துட்டேன்டா, அதான் சொன்னேன்'னான். அதோட விடலை. 'குன்றன் துரோகியாவே இருக்கட்டும், ஆனா எதுக்குப் பண்ணினான்னு எழுது'ன்னுட்டான்." ஓவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாருங்கறதைத்தான் நான் கசிய விட்டேன். ஏன்ங்கறது அப்ப எனக்கே தெரியாதே!"

கடைசி இதழ் இரண்டு வாரம் தாமதமாக வந்தது. லென்ஸ் அதைக் கடையில் தேய்ப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றபடியே படித்தான். ஐவரும் மறுநாள் விடியலில் போகவிருந்தது திரும்பி வர முடியாத போர். குன்றன் கதவைத் திறந்துவிட்டது, அவர்களைச் சிறையிலாவது உயிரோடு வைத்திருக்கத்தான். 'நீங்கள் இல்லாத ஊரைக் காப்பாற்றி நான் என்ன செய்வேன்?' என்று அவன் கேட்கும் கட்டத்தில், அவன் இடது கை கதவின் மேல் இருந்தது. துரோகி யார் என்று தெரிந்தே படித்தும், லென்ஸுக்கு எழுத்து மங்கியது. கண் பரிசோதனைக்கு வந்திருந்த அம்மாள், "உங்களுக்கே கண்ணாடி சரியில்ல போலிருக்கே," என்றார்.

சாயங்காலம் மேலே போனான். அக்கா புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தான்.

"அக்கா, பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, நான் வெளியூர் வேலைக்கு மனு போட்டதை அப்பாகிட்டச் சொன்னது நீதான்னு எனக்குத் தெரியும்."

அக்காவின் பேனா நின்றது. "ஆமாடா," என்றார். "அம்மா போனதுக்கப்புறம், நீயும் போயிட்டா வீட்டுல எனக்குப் பேசக்கூட யார் இருக்கா? எத்தனையோ தடவை உன்கிட்டச் சொல்லிடலாம்னு நினைச்சிருக்கேன்." நிமிர்ந்து, தொழில்முறை அக்கறையோடு கேட்டார்: "எதை வெச்சுக் கண்டுபிடிச்ச?"

"எதையும் வெச்சு இல்ல," என்றான் லென்ஸ். "சும்மா கேட்டுப் பார்த்தேன். நீதான் ஒத்துக்கிட்ட."

அக்கா அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, பாதி வாக்கியத்தில் பேனாவைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.