பத்தொன்பதோடு நின்ற மணி

வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிந்து, ஐயர் சாப்பிடப் போய், தவநாயகி கதவையும் உள்ளிருந்து பூட்டிய பிறகு, நாக்கைத் துணியால் கட்டிப்போட்டிருந்த மணி ஒருமுறை அடித்தது. ஈரத் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். தலையணைக்குள் முகம் புதைத்து அழுவதைப் போல அமுங்கிய சத்தம். கயிறு அசையவில்லை. கர்ப்பூரப் புகையும் ஈரச் சீமெந்து வாசனையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. தூரத்துப் பாலத்தில் மெற்றோ போன அதிர்வாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிச்சத் தரையைத் துடைத்தாள்.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த கூடம்தான் அந்தக் கோயில். மணியோ வெள்ளைக்காரருடையது. இங்கிலாந்தில் ஏதோவொரு சிற்றூரில் சனம் வராமல் தேவாலயத்தை மூட, அதன் மணி கைமாறிக் கைமாறிப் பழஞ்சாமான் வியாபாரி ழான்-லூக்கிடம் வந்தது. வெண்கலம் வெண்கலந்தானே, சாமிக்கு என்ன பேதம் என்று கோயில் தலைவர் ராதாகிருஷ்ணன் அதை வாங்கிவிட்டார். முதல் வாரமே மேல்மாடிக்காரர்கள் சத்தம் தாங்கவில்லையென்று பொலிசுக்குப் போனார்கள். தலைவர் மூளையைக் கசக்கி, பிள்ளையாருக்குச் சாத்திக் கழித்த பட்டு வேட்டியைக் கிழித்து மணியின் நாக்கில் சுற்றிக் கட்டினார். பெரிய கெட்டிக்காரர்!

போன கிழமை வந்த ழான்-லூக் அதைப் பார்த்து முகம் வெளிறிப்போய் என்னவோ சொன்னான். தலைவர் சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார்.

"செத்தவீட்டுக்குத்தான் அங்கை இப்பிடி நாக்கைக் கட்டுவினமாம். ஆம்பிளையெண்டால் ஒன்பது அடி. பொம்பிளைக்கு ஆறு, பிள்ளைக்கு மூண்டு. பிறகு எத்தினை வயசிலை செத்ததோ அத்தினை அடி. ஊர்ச்சனம் எண்ணிப் பாத்து ஆர் போனதெண்டு அறிஞ்சுகொள்ளுமாம்."

மணியின் வயிற்றில் ஒரு வரி வெட்டியிருந்தது. என் எண்ணிக்கை தவறாது என்று அர்த்தமாம். வார்த்த ஆண்டு ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு.

"அது அவங்கடை சனத்துக்கு. எங்கடை சனத்தை அதுக்கென்ன தெரியும்?" என்றார் தலைவர்.

ஏன் தெரியாது? வெள்ளிதோறும் அந்த மணிக்குக் கீழே நின்றுதானே ஐயர் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்கிறார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்கு. தவநாயகி கொடுப்பது ஒரே பெயர், மகனுடையது: சேந்தன், பூராட நட்சத்திரம். ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் பதிந்துவிட்டுப் போகலாம் என்று சண்டை முடிந்த அன்று வட்டுவாகலில் ஆமியின் ஒலிபெருக்கி சொன்னதை நம்பி, அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டவளும் அவள்தான். அவன் மாட்டேன் என்றான். "போ ராசா, பின்னேரம் விட்டிடுவாங்கள்" என்றாள். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. நாலரை வருடமாக அந்தப் பின்னேரம் வரவேயில்லை.

இன்று காலையிலும் தலைவர் புத்தி சொன்னார். "தங்கச்சி, அர்ச்சனையை விட்டிட்டுத் திவசத்தைக் குடுங்கோ. சனம் கதைக்குது."

"அவன் உசிரோடை இருக்கிறான், அண்ணை."

சொல்லுவார், சொல்லுவார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கிச் சுகமாக இருக்கிறார்கள்.

மணி மறுபடி அடித்தது.

இந்த முறை நிற்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவளுடைய வாய் எண்ணியது. ஒன்பது அடித்து ஓய்ந்தது. ஆம்பிளை. கார்த்திகை மாத வெளிச்சம் கண்ணாடியில் மங்கிக்கொண்டிருந்தது. பிறகு, ஒவ்வொன்றாக. பத்தைத் தாண்டியது. ஆருடைய பிள்ளையோ, ஆருடைய பிள்ளையோ என்று முணுமுணுத்தாள். பதினைந்து. பதினாறு. தாண்டிப் போ. கிழவனாக இரு. பதினெட்டு.

பத்தொன்பது.

நின்றுவிட்டது.

"பொய்!" என்று கத்தினாள். "நீ பொய் சொல்லுறாய், மூதேவி!"

பாய்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இருபது. எண்ணிக்கை நின்றால்தானே சாவு? இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. இன்றைக்கு அவனுக்கு அந்த வயதுதான். மூச்சு வாங்கியது.

சேற்று மணம் வந்தது. அன்று வட்டுவாகலில் மிதித்த நந்திக்கடல் சேறு. துடைத்த தரையில், அவளுக்குப் பின்னால், ஈரக் காலடி.

"அம்மா."

திரும்பினாள். சேந்தன். அவள் கண்டிராத மீசை. பஸ்ஸில் ஏறியபோது போட்டிருந்த அதே நீலச் சேட்டு, உள்ளே உடம்பு வளர்ந்து தோளில் கிழிந்திருந்தது. மண்ணுக்குள்ளேயே வளர்ந்திருக்கிறான்.

"என்ரை ராசா!"

கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள். இரண்டடி வைப்பதற்குள் அவன் கன்னம் உள்ளே விழுந்தது. கண்ணிலிருந்து மணல் கொட்டியது.

"கயித்தை விடாதேங்கோ, அம்மா."

விழுந்தடித்துத் திரும்பி இழுத்தாள். இருபத்துநான்கு. கன்னம் நிமிர்ந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. எங்கே நிறுத்துகிறாளோ அங்கே அவன் செத்தவன். இன்னொரு முறை அவனை அனுப்ப அவளால் முடியாது.

முப்பது. நாற்பது. தலை நரைத்தது. ஐம்பத்திரண்டில் அவன் அவளுடைய வயதுக்கு வந்து, தாண்டிப் போனான்.

"கை ஏலாமல் கிடக்கு. கொஞ்சம் ஆறட்டே, ராசா?"

தலையாட்டினான். வேண்டாம்.

எழுபது. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. கதவை யாரோ இடித்தார்கள். "தங்கச்சி! ஆர் மணி அடிக்கிறது? கதவைத் திறவுங்கோ!" தலைவரின் குரல். அவள் திரும்பவில்லை.

தொண்ணூறு. கூனிக் குறுகித் தரையில் குந்திவிட்டான். பல் இல்லை. நூறு. கண் இல்லை. எலும்பின்மேல் தோல் காய்ந்து சுருண்டது. ஆனாலும் சாகவில்லை. அவள் சாக விடவில்லை.

நூற்றுப் பதினொன்று.

ஈரத் தரையில் கிடந்த அது, ஓட்டை வாயைத் திறந்து, இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டியது.

"அடிச்சது காணும், அம்மா" என்றது. "விடுங்கோ."

அவள் இழுத்தாள்.