யார் வீட்டுப் பையன்

இடது காதுக்குப் பின்னால் மணி வீறிட்டபோது செண்பகவடிவு உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். வைப்பதற்குள் தன் மகனின் பெயர் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அவள் அதற்காகப் பதறவில்லை. செங்குன்றில் இது வழக்கம்தான். செவ்வாயின் அந்தக் குடியிருப்பில் யாருக்கு வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் நடுவர் அழைப்பு வரும். மணி அடித்த நொடியில் மறதித் திரை இறங்கிவிடும். தீர்ப்பு சொல்லி முடிக்கும்வரை யார் பெயரும் நினைவுக்கு வராது. யார் முகமும், யார் குரலும் பிடிபடாது. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

போகிற வழியில் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். கட்டில் விரிப்பு கலையாமல் இருந்தது. அது மகனின் கட்டில் என்பது தெரிந்தது. நேற்று உரிம நாள் என்பதும், புதிதாக ஓட்டுநர் உரிமம் வாங்கிய கூட்டாளிகளோடு கொண்டாடப் போனவன் விடிந்தும் திரும்பவில்லை என்பதும் தெரிந்தது. அவன் முகம் மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் துடைத்துவைத்த தட்டு மாதிரி வெறுமை. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், மணி அடித்ததுமே தொடர்பு அலையும் துண்டிக்கப்பட்டிருந்தது.

தொடக்கத்தில் செங்குன்றிலும் பூமியைப் போலத்தான் விசாரணை நடந்தது. ஆனால் எட்டாயிரம் பேர் வாழும் ஊரில் யாரைப் பிடித்தாலும் அவன் யாருக்காவது மச்சான். பண்ணை அதிகாரியின் மருமகன் குடித்துவிட்டு மணலூர்தியைக் காற்றுத் தொட்டியில் மோதியபோது, "இனிமேல் செய்யாதே தம்பி" என்று முதுகைத் தட்டி அனுப்பினார்கள். அதே தவறைச் சமையல்கூட எடுபிடியின் தம்பி செய்தபோது பனிச்சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய் வந்தவர்களில் பலருக்கு விரல்கள் முழுதாக இருப்பதில்லை. ஊர் கொந்தளித்தது. அறிஞர்கள் கூடி யோசித்தார்கள். ஆளைத் தெரிவதால்தானே இந்தக் கோளாறு? ஆளே தெரியாமல் செய்துவிட்டால்? அப்படிப் பிறந்ததுதான் மறதித் திரை. கடுகைவிடச் சிறிய சில்லு. பிறந்த வாரமே காதுக்குப் பின்னால் பதித்துவிடுவார்கள். பூமியிலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்கு இறங்கும் இடத்திலேயே.

திரை வந்த புதிதில் ஒரு கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நடுவர் இருக்கைகளில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, திரை விலகியதும் ஒன்றாக வீட்டுக்குப் போனார்களாம். அந்த அளவுக்குத் துல்லியம்.

விசாரணைக் கூடத்தில் ஐந்து இருக்கைகள். ஐந்து பேருக்கும் ஒரே நீல மேலங்கி. செண்பகவடிவுக்கு மூன்றாம் இருக்கை கிடைத்தது. கூரையிலிருந்து நெறியாளர் பேசியது. அது ஆளல்ல, எந்திரம். அதன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"குற்றவாளி, இளைஞர். வயது பதினெட்டுக்கு மேல், இருபத்திரண்டுக்குள். நேற்றிரவு அளவுக்கு மீறிக் குடித்த நிலையில் கிழக்குச் சுரங்கப்பாதையில் மணலூர்தி ஓட்டினார். குழாய் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மீது ஏற்றினார். பெண் உயிரோடு இருக்கிறார். வலது கால் எடுக்கப்பட்டுவிட்டது. குற்றம் உறுதியாகிவிட்டது. தண்டனையை மட்டும் நீங்கள் முடிவுசெய்ய வேண்டும். உச்சம், ஆயுள் முழுதும் உரிமப் பறிப்பும் ஐந்தாண்டு பனிச்சுரங்கமும். குறைந்தது, ஒரு வார அறிவுரை வகுப்பு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் இரண்டாம் இருக்கைக்காரர். தடித்த உடம்பு, தடித்த குரல். "புழுதிப் புயல்ல வண்டி தானா ஓடாது, சின்னப் பசங்களுக்குத்தான் கண்ணும் கையும் வேகம்னு ஓட்ட விட்டோம். அவனுங்க என்னடான்னா கிழங்குச் சரக்க ஊத்திக்கிட்டுப் பறக்குறானுங்க. ரெண்டு பேரப் பனிச்சுரங்கத்துல தள்ளினாத்தான் மத்தவனுக்குப் பயம் வரும்."

"வளர்ப்பு சரியில்ல. பெத்தவங்களையும் சேத்துத் தள்ளணும்" என்றாள் நான்காம் இருக்கைப் பெண்.

செண்பகவடிவும் தலையாட்டினாள். ஒரு காலைப் பறித்தவனுக்கு ஐந்தாண்டு ஒன்றும் பெரிதல்ல என்றுதான் அவளுக்குப் பட்டது.

கதவு விலகியது. பையனை அழைத்து வந்தார்கள்.

நெற்றியில் கட்டு. அவனுக்கும் அதே நீல மேலங்கி. கையைப் பார்த்துத் தொழிலைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கையுறையும் போட்டிருந்தார்கள். அவனுக்கும் திரை இறக்கப்பட்டிருந்தது. எதிரே தன் தாயே உட்கார்ந்திருந்தாலும் அவனுக்குத் தெரியாது. ஒல்லியாக, கழுத்து நீண்டு, எங்கே நிற்பது என்று விளங்காமல் நின்றான்.

ஐந்து பேரும் முன்னால் குனிந்தார்கள்.

செண்பகவடிவு அவன் காதுகளைப் பார்த்தாள். மகனின் காது எப்படி இருக்கும்? முகவாயைப் பார்த்தாள். இந்த முகவாயைப் பிடித்தா சின்ன வயதில் சோறு ஊட்டினோம்? ஆமாம் என்று தோன்றியது. அடுத்த நொடியே இல்லை என்று தோன்றியது. அந்த முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் அதுதான் முதல் முறையாக இருந்தது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை.

"ஏம்ப்பா, எந்தக் குவிமாடம் நீ?" என்றார் இரண்டாம் இருக்கைக்காரர். குரலில் முன்பிருந்த தடிப்பு இல்லை.

"அந்தக் கேள்விக்கு அனுமதி இல்லை" என்றது நெறியாளர்.

"முழங்கால்ல தையல் போட்ட தழும்பு இருக்கான்னாவது…"

"அனுமதி இல்லை."

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள் நான்காம் இருக்கைப் பெண்.

இதை நெறியாளர் தடுக்கவில்லை. பையன் இல்லை என்று தலையசைத்தான். "அந்த அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்வதற்குள் அவனை வெளியே கூட்டிப்போனார்கள்.

கதவு மூடியது.

"எம் பையன் ராத்திரி வீட்டுக்கு வரல" என்றாள் செண்பகவடிவு.

"எங்க அண்ணன் பையனும்தான். உரிம நாள்னு போனான்." இரண்டாம் இருக்கைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான்காம் இருக்கைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். முதல் இருக்கையில் இருந்த முதியவர் தன் பேரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஐந்தாம் இருக்கையில் இருந்தவர்மட்டும் அதுவரை வாய் திறக்கவில்லை.

"எனக்குப் பொண்ணுதான்" என்றார் அவர் மெதுவாக. "குழாய் வேலை பாக்குறா. அந்தக் கால் போன பொண்ணும் நம்மள்ல ஒருத்தரோட பொண்ணா இருந்தா?"

இதை யாரும் நினைத்திருக்கவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"பாதிக்கப்பட்டவர் குறித்த விவரத்துக்குத் தடை இல்லை" என்றது நெறியாளர். "சென்ற கப்பலில் வந்த ஒப்பந்தத் தொழிலாளி. செங்குன்றில் உறவினர் எவரும் இல்லை."

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சு சரளமாக வந்தது.

"வயசு அப்படி. நம்ம காலத்துல நாம செய்யாததா?"

"அவனா குடிச்சிருக்க மாட்டான். சேர்க்க சரியில்ல, ஊத்திக் குடுத்திருப்பானுங்க."

"உள்ள வந்ததும் அந்தப் பொண்ணப் பத்திக் கேட்டான் பாத்தீங்களா. நல்ல ரத்தம் அது."

"அந்தப் பொண்ணும் பாத்து நின்னிருக்கலாம். அந்த நேரத்துல பாதையில என்ன வேலை?"

கடைசியாகச் சொன்னது யார் என்று பார்த்தாள் செண்பகவடிவு. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னது அவள்தான். குழாய் பழுதுபார்க்க வந்தவள் குழாய் இருக்கும் இடத்தில்தானே நிற்பாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எப்படி வந்தது இந்த வார்த்தை என்று தனக்குள் வியந்தாள். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"செயற்கைக் கால் இப்பல்லாம் அசலவிட நல்லா இருக்காம்" என்று இரண்டாம் இருக்கைக்காரர் முடித்துவைத்தார்.

வாக்கெடுப்பு. ஒரு வார அறிவுரை வகுப்பு. ஐந்துக்கு ஐந்து.

"தீர்ப்பு பதியப்படுகிறது" என்றது நெறியாளர். "முத்திரை விழும்வரை காத்திருங்கள். திரை விலகுகிறது."

நின்றுபோன காற்றாடி மறுபடி சுழலத் தொடங்குவது போலப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டாம் இருக்கையில் இருந்தவர் பக்கத்து வீட்டுப் பரமானந்தம். தினமும் அவளிடம் உப்பு கடன் கேட்கிறவர். அவளுக்கு முதலில் வந்த பெயர் இளங்கீரன். உடனே அவன் முகமும் வந்தது. உருண்டை முகம், குட்டைக் கழுத்து. கையெழுத்துக்காக மறுபடி அழைத்து வந்து கதவருகே நிறுத்தியிருந்த பையனைப் பார்த்தாள். ஒரு சாயலும் இல்லை.

"இந்தப் பையன் யாரு?" என்றார் பரமானந்தம். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

"மாசிலாமணி. ஒப்பந்தத் தொழிலாளர் முகாம். சென்ற கப்பலில் வந்தவர்" என்றது நெறியாளர்.

பையன் கையுறையைக் கழற்றியிருந்தான். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ஐந்து பேரையும் பார்த்துக் கும்பிட்டான். அவன் கண்கள் நனைந்திருந்தன.

செண்பகவடிவின் காதில் தொடர்பு அலை உயிர் பெற்றது. இளங்கீரன். வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

"அம்மா… ராத்திரி எத்தன தடவ கூப்டிருக்க நீ… தேவா வீட்லதான் இருந்தோம். கொஞ்சம் ஓவராப் போச்சு. இப்பத்தான் கடைசி ரவுண்டு முடிஞ்சுது. வண்டிய எடுத்துட்டேன், வந்துட்டே இருக்கேன்."

அவளுக்கு அழுகை வந்தது. கையால் காதை மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"உசுரோட இருக்கியே, அது போதும்டா. தெற்கு வாசல் பக்கம் வராத, அங்க ஊதச் சொல்லுவாங்க. கிழங்குப் பண்ணை வழியாப் பாத்து ஓட்டிட்டு வா. வந்து சாப்பிடு."

அலையைத் துண்டித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையன் இன்னும் கும்பிட்ட கையோடு நின்றான். பரமானந்தம் தொண்டையைச் செருமினார். ஆனால் முதலில் எழுந்து நின்றது செண்பகவடிவுதான்.

"நெறியாளர் ஐயா, இன்னும் முத்திரை விழலதானே? குடிச்சிட்டு ஓட்டுறத இவ்ளோ லேசா விட்டா ஊரு என்னத்துக்கு ஆகும்? இன்னொரு தடவ ஓட்டெடுங்க."