தின்னாத வைக்கோல்

காலை 6.10. கொட்டகையின் பூட்டைத் திறந்த பால்காரம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்கு மாடுகளும் தீவனத் தொட்டியோரம் செத்துக் கிடந்தன. எதிர்ச்சுவரில் கட்டியிருந்த கன்று மட்டும் நின்றுகொண்டிருந்தது.

7.40. கால்நடை டாக்டர் வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் காய்ந்த நிலம். பச்சை என்று கண்ணில் பட்டது பால்காரம்மாவின் கொழுந்தனுடைய சோளம் மட்டும்தான். அதுவும் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. சுற்றிலும் புது முள்வேலி. வேலிக்கு வெளியே அவனுடைய இரண்டு மாடுகள் சருகு மென்றுகொண்டிருந்தன.

நிவாரண அதிகாரி முன்பே வந்திருந்தார். வறட்சியில் செத்த மாட்டுக்கு அரசு பணம் தரும். பட்டினியோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாட்டுக்கு ஒன்றும் கிடையாது. அந்த விதியை எழுதிய புண்ணியவான் மாடு வளர்த்திருக்க மாட்டார்.

"ஒரே நாள்ல நாலு. சாவி இவங்க இடுப்புல. பணத்துக்காக தண்ணியில மருந்து கலந்திருக்காங்க," என்றார் அதிகாரி. "போலீசுக்குச் சொல்லத்தான் போறேன்."

"நானாங்க? என் கையாலயா?" பால்காரம்மா கையை விரித்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் கேட்டாள்: "நேத்து என்ன வச்சீங்கம்மா?"

"பொழுது சாயும்போது ஆளுக்கு ஒரு பிடி வைக்கோல். வச்சிட்டுப் பூட்டிட்டேன்."

"தண்ணி?"

"ஒரே வாளி. கன்னுக்கும் அதுலதான் காட்டினேன்."

தொட்டியில் நான்கு பிடி வைக்கோலும் வைத்தபடியே இருந்தது. அதற்கு மேலே கம்பி போட்ட ஜன்னல். டாக்டர் ஒரு மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தாள். கடைவாயில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

9.05. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தண்ணியில விஷம்னா கன்னு பிழைச்சிருக்காது. பட்டினி கிடந்த மாடு வைக்கோலைத் தொடக்கூட இல்ல. ஏன்? பூட்டின கையோட, அதைவிட ருசியானது ஜன்னல் வழியா வந்திருக்கு. கன்னுக்கு அது எட்டல." கொழுந்தனிடம் திரும்பினாள். "வாடின சோளப்பயிர்ல விஷம் ஏறி மாட்டைக் கொல்லும்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் உங்க மாடு மேயாம வேலி போட்டீங்க. இங்க அறுத்துட்டு வந்து போட்டதும் நீங்கதான்."

அவன் மறுக்கவில்லை. அழுதான்.

"நீங்க சாப்பிடாம அதுங்களுக்குப் போட்டீங்க அண்ணி. எப்படியும் சாகத்தானே போகுது. இப்பவே செத்தா உங்களுக்கு நாலு காசாவது வரும்னு..."

அவன் சொன்னது உண்மை. அதனாலேயே கேட்கச் சகிக்கவில்லை.

அதிகாரி ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். மனசு கொஞ்சம் இளகியிருந்தது. "வறட்சிச் சாவுன்னே எழுதிடறேன்மா. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டா பணம் வந்துடும். விஷம்னு எழுதினா ஒண்ணும் வராது. தம்பியும் ஜெயிலுக்குப் போகணும்."

டாக்டர் பேனாவைத் தொடவில்லை. பால்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வறட்சி அதுங்களைக் கொல்லலைங்க. நாலு மாசமா கொல்ல விடாமப் பார்த்துக்கிட்டேன். நடந்ததை எழுதுங்க."

"அண்ணி..."

அவள் திரும்பவில்லை. அதிகாரி வேறு தாள் எடுத்தார்.

"மாட்டு நம்பர் சொல்லுங்கம்மா."

"நம்பர் எல்லாம் தெரியாதுங்க. பேரை எழுதிக்குங்க. செவலை. கருப்பி. பெரியவ. அந்தக் கடைசியில கிடக்கிறவ, வெள்ளச்சி. பேர் சொல்லிக் கூப்பிட்டா, யார் கையில என்ன இருந்தாலும் நம்பி வந்து தின்னும்."