நீலச் சீப்பு

மாலை நாலே காலுக்கு அந்தத் தையல்காரி தன் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, நானே வந்து கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லிவிட்டுத் துப்பறிவாளரிடம் வந்தாள்.

"எங்கிட்ட இருந்து பிள்ளையக் காப்பாத்தணும் சார். காலையில போலீஸ்ல சரணடையப் போறேன்."

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். கத்தரிக்கோலைத் தொட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

பிரசவத்துக்குப் பின் மனம் இருண்டுபோனது. ஆஸ்பத்திரியில் காளானிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்து, கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது.

"கால் சேத்துல புதையுது. தொட்டிச் சுவர் வயித்துல அழுத்துது. எட்டிப் பாக்கறேன். தண்ணிக்குள்ள தம்பி. அவன் கையில நீலச் சீப்பு. அவன் தலைய அமுக்கறது என் கை."

"அப்ப உங்க வயசு?"

"அஞ்சு. அவனுக்கு மூணு. தவறி விழுந்துட்டான்னுதான் சொன்னாங்க."

"வீட்டுல வேற யாரு?" என்றாள் துப்பறிவாளரின் உதவிக்காரி. எதையும் குத்திக் குத்திக் கேட்பதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

"சித்தப்பா. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சிகிச்சைக்கு முன்னாடி அவர்கிட்டதான் கேட்டேன். பாவம், துணைக்கு நானே வரேன்னு வந்து, கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்."

"நர்ஸ்?"

"நடுவுல கதவுச் சத்தம் கேட்டுச்சு. வெளிய போயிருப்பாங்க."

துப்பறிவாளர் டாக்டரிடம் போனில் பேசினார். இருட்டுவதற்குள் மூவரும் அவள் பிறந்த பழைய வீட்டில் இருந்தார்கள். அங்கேயே குடியிருந்த சித்தப்பா வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். கொல்லைத் தொட்டியில் அந்த நாளுக்குப் பிறகு யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. குண்டூசி கேட்காமலே உள்ளே குதித்தாள்.

"சுவரோரமா நில்லுங்கம்மா," என்றார் துப்பறிவாளர் தையல்காரியிடம்.

நின்றாள். விளிம்பு அவள் நெஞ்சுக்கு வந்தது.

"இன்னைக்கே இவ்வளவு. அஞ்சு வயசுல தலைக்கு மேல இருந்திருக்கும்."

"ஸ்டூல் போட்டு ஏறியிருந்தா?" தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏறினவங்க கால் எப்படிச் சேத்துல புதையும்? அந்த மருந்து மனசை ஈரக் களிமண் ஆக்கிடுமாம். காதுல விழறது அப்படியே பதிஞ்சுடும். அதனாலதான் கூட இருக்கறவங்க வாயே திறக்கக் கூடாதுன்னு விதி."

சித்தப்பா சிரித்தார். "மருந்து மயக்கத்துல ஆயிரம் தோணும். இல்லாததை எல்லாம் நம்பிக்கிட்டு."

"ஐயா," என்றாள் குண்டூசி. முழங்கை வரை சேறு. விரல்களுக்கு நடுவே பல் உடைந்த சீப்பு. தேய்த்துத் துடைத்தாள். நீலம்.

"காட்சி நிஜம்," என்றார் துப்பறிவாளர். "பாத்த கண்ணுதான் இவங்களோடது இல்ல. பாத்தவங்க சொன்னது இவங்க காதுல விழுந்திருக்கு."

சித்தப்பாவும் சுவரோரம்தான் நின்றிருந்தார். விளிம்பு அவர் வயிற்றில் அழுத்தியது.

அவள் தன் கைகளை முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சித்தப்பா, தம்பி உங்களக் கூப்பிட்டானா?"