தடு என்ற பொத்தான்

செங்கம் சாலையில் அந்த வீடு வாடகைக்குச் சல்லிசாகக் கிடைத்தபோதே தேவிப்ரியா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மகள் இனியாவின் பள்ளிக்கூடம் பக்கம், வாசலிலேயே கிரிவலப் பாதை, போதாததற்கு ஒரு கம்ப்யூட்டர் வேறு இலவசம்.

"முன்ன குடியிருந்த பெரியவரோடது. வேணும்னா வெச்சிக்குங்க," என்றாள் வீட்டுக்கார ஜோதியம்மாள். "பாவம், ஒரு பௌர்ணமி அன்னிக்குக் கதவு மாட்டிக்கிச்சு. உள்ள இருந்து தட்டிக்கிட்டே இருந்திருக்காரு. கிரிவலக் கூட்டத்துல யாருக்குங்க கேக்கும்? நாங்க தொறந்து பாத்தப்ப உயிர் இல்ல."

கணவன் அன்பரசன் அந்தக் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் போட்டுக் கொடுத்தான்.

"வெளிய இருந்து வர்றத அதுவே நிறுத்தி, உன்னைக் கேக்கும். உள்ள இருந்து எதனா வெளிய போகணும்னாலும் கேக்கும். தெரியாததுன்னா 'தடு'ன்னு அழுத்திடு, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்த பௌர்ணமி வந்தது. பிற்பகலிலேயே சாலை நிரம்பிவிட்டது. தேவிப்ரியா தட்டச்சு வேலையில் மூழ்கியிருந்தாள். திரையில் ஒரு பெட்டி திறந்தது.

'பெயர் தெரியாத ஒன்று வெளியே செல்ல அனுமதி கேட்கிறது.'

'தடு' என்று அழுத்தினாள். சமையலறை ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பெட்டி மறுபடி வந்தது. மறுபடி தடுத்தாள். கொல்லைக் கதவில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மூன்றாவது முறை அவளுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. 'எப்போதும் தடு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

வாசல் கதவு மூடிக்கொண்டது.

இழுத்தாள், உதைத்தாள். அசையவில்லை. பூட்டிய அறையின் புழுக்கமும் பழைய விபூதி வாசனையும் மெல்லப் பரவின. செல்போனில் சிக்னல் இல்லை. பௌர்ணமிக்கு இந்த ஊரில் அது வழக்கம்தான்.

அப்போது கதவு தட்டும் ஓசை கேட்டது.

உள்ளே இருந்து.

அவள் கதவருகில்தான் நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் தோள் உயரத்தில், மரப்பலகை மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தாள். பள்ளியிலிருந்து கூட்டி வந்த ஆயா இனியாவைச் சாலையோரம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். முதல் வகுப்புக் குழந்தை, அத்தனை கூட்டத்தில் தனியாக இடிபட்டு நின்றது.

"இனியா! அங்கயே நில்லுடா!"

'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்ற முழக்கம் அவள் குரலை விழுங்கிவிட்டது. வாசலை ஒட்டி நடந்த ஒருவர்கூடத் திரும்பவில்லை.

பெரியவர் தட்டியதும் இப்படித்தான் கேட்காமல் போயிருக்கும்.

கம்ப்யூட்டருக்கு ஓடினாள். தடையை நீக்கினாள். முழுதாகத் திறந்துவிடப் பயம். 'இந்த ஒரு முறை மட்டும் அனுமதி' என்று அழுத்தினாள்.

கதவு திறந்தது. குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு வெளியே போயிற்று.

பின்னாலேயே பாய்ந்தவளால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. எதுவும் தெரியாத இடத்தில் சுவர் போல ஒன்று தடுத்தது. ஒரு முறைக்கான அனுமதியை அது கொண்டுபோய்விட்டது.

இனியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். படியில் ஏறினாள். அவளாலும் உள்ளே வர முடியவில்லை.

"அம்மா, வர முடியல. இந்தத் தாத்தா வேற கையை விட மாட்டேங்குறாரு."

குழந்தையின் இடது கை காற்றில் தூக்கியிருந்தது. அருகில் யாரும் இல்லை.

"யாருடா? விடச் சொல்லுடா கண்ணு," என்றாள் தேவிப்ரியா.

"வெளிய யாருமே அவரைப் பாக்கலையாம், அம்மா. நம்ம கூடவே இருந்துக்குறாராம்."

உள்ளே திரையில் புதிதாக ஒரு பெட்டி திறந்தது.

'வெளியிலிருந்து உள்ளே வர அனுமதி கேட்கிறது.'

தடுத்தால் இருவருக்கும் தடை. குழந்தை அழ ஆரம்பித்தது. கூட்டம் படியை நெருக்கியது.

தேவிப்ரியா திரும்பி ஓடி 'அனுமதி' என்று அழுத்தினாள்.

இனியா ஓடிவந்து அம்மாவை ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டாள். வாசல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவளுடைய இடது கை இன்னும் கீழே இறங்கவில்லை.