உமாராணி மாற்றி எழுதிய வீடு

துடைத்து முடித்த தரையில் ஈர நிலக்கரித் தூள் கிடந்தது. நெய்வேலியில் தூசிக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் இது வாசலிலிருந்து சமையலறை வரை ஆள் நடந்துபோன மாதிரிக் கிடந்தது. உமாராணியின் கணவர் செகண்ட் ஷிப்டுக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாருமில்லை. சுரங்கத்தின் புளித்த ஈர வாடை மட்டும், ஜன்னலைத் திறந்துவிட்டும் போகாமல், புடவைத் தலைப்பு வரைக்கும் ஏறியிருந்தது.

செல்போனில் திகில் தொடர் எழுதுகிறவளுக்கே பயமா என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பின் வரிசை வீட்டு இசக்கியம்மாளின் கணவர் சண்முகசுந்தரம், ஷிப்ட் முடிந்து வரும் வழியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். தன் மடியில் விழுந்து அழுதுகொண்டே இசக்கியம்மாள் சொன்னதையெல்லாம் உமாராணி கதையாக்கிவிட்டாள். 'பேய் இன்னும் பயங்கரமா வேணும் மேடம்' என்று வாசகர்கள் கேட்டார்கள். கதையில் பசியோடு வீடு திரும்பும் செத்தவனுக்குத் தாடையைக் கிழித்துத் தொங்கவிட்டாள். பாராட்டு குவிந்தது. உடம்பு கூசக் கூச அதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தாள்.

யார் கதையென்று தெரியக் கூடாதே என்று வீட்டை மட்டும் மாற்றினாள். எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒன்றுபோல இருக்கிற ஊரில் புது வீட்டுக்கு எங்கே போவது? தன் வீட்டுப் பச்சை கேட்டையும் முருங்கை மரத்தையுமே எழுதிவிட்டாள். இசக்கியம்மாள் மட்டும் அதைப் படித்துவிடக் கூடாது.

இருட்டத் தொடங்கியிருந்தது. சமையலறையில் பாத்திரம் நகர்ந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். உமாராணிக்குப் போன உயிர் வந்தது. பார்த்தால் இசக்கியம்மாள், கையில் சோற்றுத் தட்டோடு.

"உங்க கதையப் படிச்சேங்க்கா."

உமாராணிக்கு அவள் காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

"எங்க வீட்டுக் கதவத் தெறந்துபோட்டுக் காத்துக் கெடந்தேன். அவுக இங்கல்லா வாராக. பச்சை கேட்டுன்னு நீங்க எழுதுனதும்தான் புரிஞ்சுது."

நேரே சமையலறைக்குப் போனாள். உமாராணியின் கால்கள் தாமாக அவள் பின்னால் நடந்தன. அடுப்படியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதே வாடை. கரகரவென்ற மூச்சு. சோறு பிசையும் சத்தம்.

"ஏங்க்கா," இசக்கியம்மாளின் குரலில் கோபமே இல்லை. "அவுக முகத்துல ஒரு கீறல்கூட இல்லியே. தூங்குற மாதிரில்லா கெடந்தாக. ஏன் இப்பிடி எழுதுனீங்க? ஒரு வாயும் உள்ள எறங்க மாட்டேங்குது, பாருங்க."

உமாராணி பார்த்தாள்.

தொங்கிய தாடையை இடது கையால் ஏந்திப் பிடித்து, இசக்கியம்மாள் ஊட்டிக்கொண்டிருந்தாள். சோறு அவர் நெஞ்சில் வழிந்தது. கண்கள் மட்டும் உமாராணியையே பார்த்துக்கொண்டிருந்தன.